தியடோராவும் அவளை எழுதியவரும்

‘தியடோரா கோஸ் வைல்ட்’ 1936இல் வந்த ஹொலிவூட் நகைச்சுவைப் படம். கனெக்டிகட்டில் லின்ஃபீல்ட் என்றொரு சின்ன ஊர். அங்கத்தைய பத்திரிகை ‘த சின்னர்’ என்ற நாவலைத் தொடராகப் போடத் தொடங்க, இலக்கிய வட்டப் பெண்கள் கொதிச்சுப் போகினம். அதை எழுதினவள் ஆரெண்டு அவைக்குத் தெரியாது. கரோலைன் அடம்ஸ் என்ற பெயருக்குப் பின்னால் இருக்கிறவள், தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிற, கலியாணம் கட்டாத இரண்டு மாமிமாரோட வாழுற தியடோரா லின்.

நாங்கள் இதைச் சும்மா பகிடிப் படமெண்டுதான் பார்க்கத் தொடங்கினோம். ஆனால் 1934 நடுப்பகுதியிலிருந்து ஹொலிவூட்டில் தணிக்கை விதிகள் கடுமையாகியிருந்தன. கத்தோலிக்க அமைப்புகள் படங்களைப் புறக்கணிப்போம் என்று மிரட்ட, ஜோசப் பிரீனின் அலுவலகம் முத்திரை குத்தாத படத்தைப் பெரிய ஸ்ரூடியோக்களால் வெளியிட ஏலாமல் போச்சு. அதாவது, ஹொலிவூட்டே ஒரு லின்ஃபீல்ட்!

பாவத்தைக் காட்டக்கூடாது என்றால் ‘பாவி’யைப் பற்றி எப்பிடிப் படம் எடுக்கிறது? கடைசியில் தியடோரா ஒரு கைக்குழந்தையோட ஊர் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறாள். ஊர் விறைச்சுப் போகுது. பிள்ளை அவளுடையதில்லை, ஊரிலேயே பெரிய வம்பளப்புக்காரியின் மகள் இரகசியமாகக் கலியாணம் கட்டிப் பெற்றது. படத்தில் ஒரு பாவமும் நடக்கவில்லை, எல்லாம் பார்க்கிற ஆக்களின்ர கண்ணுக்குள்ளதான். பிரீனும் என்னத்தை வெட்டுறது?

எங்களுக்குக் கூடப் பிடிச்சது மைக்கேலின் கதை. “ஒளிக்காமல் வாழு” என்று அவளுக்குப் பிரசங்கம் வைக்கிற ஓவியன், தன்ர முறை வந்ததும் ஓடி ஒளிக்கிறான். மனைவியோட வாழாவிட்டாலும் விவாகரத்து எடுக்க முடியாது; அப்பாவின் அரசியல் பதவி கெட்டுப்போகுமாம். நியூயோர்க்கும் லின்ஃபீல்ட்தான், கட்டடம் மட்டும் உயரம். ஐரீன் டன் அவனைத் துரத்திப் போய்ப் பண்ணுகிற கூத்துக்கு ஒஸ்கார் பரிந்துரையும் கிடைத்தது.

திரைக்கதை எழுதியவர் சிட்னி புக்மன். 1951இல், அமெரிக்கக் காங்கிரஸின் கம்யூனிஸ்ட் விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டது. தான் கட்சியில் இருந்ததை ஒளிக்காமல் சொன்னார். மற்றவர்களின் பெயர்களைக் கேட்டபோது மறுத்துவிட்டார். பிறகு அவமதிப்பு வழக்கு, 150 டொலர் தண்டம், கறுப்புப் பட்டியல். புனைபெயரில் எழுதியவளின் கதையை எழுதினவருடைய பெயர், திரும்ப ஒரு படத்தில் வர 1961 ஆச்சு.