எழுத்தே ஏட்டை அரிக்கும் வரலாறு

எழுதுகோலின் மீது ஆணையிட்டு ஓர் அத்தியாயத்தைத் தொடங்கும் திருமறையைப் பெற்ற சமுதாயம், மை காய்ச்சுவதையும் ஒரு கலையாக வளர்த்ததில் வியப்பில்லை. புகைக்கரியும் பிசினும் சேர்ந்த மை ‘மிதாத்’. ‘ஸாஜ்’ எனும் அன்னபேதியும் ‘அஃப்ஸ்’ எனும் மாசிக்காயும் சேர்ந்தது ‘ஹிப்ர்’. பிற்காலத்தில் இப்பெயர்கள் ஒன்றுக்கொன்று மாறி வழங்கின. கைரவானிலிருந்து ஆண்ட 11ஆம் நூற்றாண்டு மன்னர் முஇஸ் இப்னு பாதீஸின் பெயரால் வழங்கும் ‘உம்ததுல் குத்தாப்’ மைவகைகளின் செய்முறைகளைத் தருகிறது.

கரி தாளின் மேலே தங்கும். ஹிப்ரோ உள்ளே ஊறும். அன்னபேதியின் இரும்பு அயனிகள் நீரில் கரைந்து, மாசிக்காயின் துவர்ப்புப் பொருளுடன் பிணைந்து, காற்றுப் பட்டதும் கறுத்து நிலைபெறும். அன்னபேதி மிகுந்துவிட்டால், பிணையாத இரும்பும் மையின் அமிலமும் காலப்போக்கில் தாளை அரித்து, எழுத்திருந்த இடத்தைத் துளையாக்கிவிடும்.

அத்தகைய ஏட்டை நீரால் நனைத்தால் இரும்பு கரைந்து எழுத்தில்லாத இடத்திற்கும் பரவும். தூய ஆல்கஹாலில் அன்னபேதி கரைவதில்லை எனலாம். ஆனால் அமிலத்தை நீக்க நீரே வேண்டும். இரண்டையும் கலந்தால் தாள் எளிதில் நனையும். எனினும் கலவையிலுள்ள நீர் இரும்பை நகர்த்தவே செய்யும். எனவேதான் 1990களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள், இரும்பைப் பிடித்து நிறுத்தும் கால்சியம் ஃபைட்டேட் கரைசலை உருவாக்கினர். கட்டற்ற இரும்பு இருந்தால் சிவக்கும் சோதனைத் தாளும் இன்று உண்டு.

முன்னோர் விட்டுச்சென்ற கிதாபுகள் நம் இல்லப் பேழைகளிலும் இருக்கின்றன. மை எதுவென அறியாமல் அவற்றை ஈரத்துணியால் துடைப்பது, அமானிதத்தை நம் கையாலேயே அழிப்பதாகும்.