முயலுக்கு வராத நோய்

இன்னைக்கு நாம லண்டனுக்குப் போறோம். 1940 செப்டம்பர் 7 அன்று ஜெர்மன் விமானங்கள் அந்த நகரத்தின் மேல் தொடர்ந்து குண்டு போட ஆரம்பித்தன. அடுத்த எட்டு மாதமும் இதே கதைதான். குண்டுக்குப் பலியானவர்களைப் பற்றி நிறையப் படித்திருப்போம். நான் சொல்ல வந்தது குண்டிலிருந்து தப்பித்து, பிறகு இறந்துபோனவர்களைப் பற்றி.

இடிந்த வீட்டுக்கு அடியில் ஒருத்தர் பல மணி நேரம் மாட்டிக்கிட்டார்னு வைங்க. கால் மேல் ஒரு பெரிய உத்தரம். மீட்புக் குழு வெளியே எடுக்கும்போது ஆள் தெளிவாகப் பேசுகிறார். கால் மட்டும் வீங்கி, மரத்துப்போய் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்குகிறது. ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றிச் சரிசெய்கிறார்கள். அப்பாடான்னு மூச்சுவிடும்போது சிறுநீர் குறைய ஆரம்பிக்கிறது. வருகிற கொஞ்சமும் பழுப்பு நிறம். அப்புறம் தாகம், ஓயாத வாந்தி. ரத்தத்தில் யூரியாவும் பொட்டாசியமும் ஏறிக்கொண்டே போகின்றன. காலையே வெட்டி எடுத்தாலும் நிற்கவில்லை. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், திடீரென்று மரணம்.

ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் இருந்த எரிக் பைவாட்டர்ஸ் என்ற இளம் மருத்துவர், டெஸ்மண்ட் பீல் என்பவரோடு சேர்ந்து இப்படி நான்கு நோயாளிகளைப் பற்றி 1941 மார்ச்சில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அடிபட்டது கால். செத்துப்போனது கிட்னி. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? (1923லேயே மினாமி என்ற ஜப்பானிய மருத்துவர், முதல் உலகப்போரில் மண்ணில் புதைந்த சிப்பாய்களின் சிறுநீரகத்தில் இதே மாதிரி சேதத்தைப் பார்த்து ஒரு ஜெர்மன் இதழில் எழுதியிருந்தார்.)

ஒரு துப்பு, அந்தப் பழுப்பு நிறம். அது மயோகுளோபின் என்று அதே 1941ல் கண்டுபிடித்தார்கள். தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் புரதம் இது. நசுங்கிய தசையிலிருந்து கசிந்து, ரத்தம் வழியாகச் சிறுநீரகத்துக்கு வந்து சேர்கிறது. ஜிம்முக்குப் போன முதல் நாளே வெறித்தனமா ஒர்க்அவுட் பண்ணி, மறுநாள் கோலா கலரில் சிறுநீர் போகிறதென்றால் அதுவும் இதே சமாச்சாரம்தான். ‘நிறைய தண்ணி குடிச்சா சரியாயிடும்’னு வீட்டில் உட்காராம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஆனால் சிறுநீரில் ஒரு பொருள் இருப்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாதே. அதனால் பைவாட்டர்ஸ் முயல்களிடம் போனார். கூட ஜார்ஜ் போப்யாக் என்ற ஹங்கேரியர். முயலின் காலை நசுக்கி, பிறகு விடுவித்துப் பார்த்தார்கள். 1942ல் முடிவுகள் வெளிவந்தன. தசை செத்தது, ரத்த ஓட்டம் குலைந்தது. ஆனால் மனிதர்களுக்கு வந்த அந்தச் சிறுநீரகக் கோளாறு வரவில்லை.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ‘மாடல் சரியில்லை, வேற விலங்கு பாப்போம்’னு போயிருக்கலாம். முயலுக்கு ஏன் வரவில்லை என்பதையே அடுத்த கேள்வியாக எடுத்துக்கொண்டதில்தான் விஷயம் இருக்கிறது. சிக்கனில் லெக் பீஸ் கொஞ்சம் கருத்தும் பிரெஸ்ட் பீஸ் வெளுத்தும் இருக்கும், பார்த்திருப்பீங்க. அந்த நிற வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் மயோகுளோபின். முயல் கறி வெள்ளைக் கறி. அதன் தசையை எவ்வளவு நசுக்கினாலும் வெளியே வருவதற்கு மயோகுளோபின் பெரிதாக இல்லை. இன்னொன்று, முயல் புல் தின்கிற பிராணி. அதன் சிறுநீர் காரத்தன்மை உள்ளது. நம்முடையது பொதுவாக அமிலப் பக்கம். ரத்தத்தின் ஹீமோகுளோபினை வைத்து 1925லேயே பேக்கர், டாட்ஸ் என்ற இருவர் முயலில் காட்டியிருந்தார்கள்: சிறுநீர் அமிலமாக இருக்கும்போதுதான் நிறமி படிந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் அடைபடுகின்றன.

1944ல் பைவாட்டர்ஸும் ஸ்டெட் என்பவரும் இந்த இரண்டு வித்தியாசங்களையும் நிரப்பினார்கள். முயலின் சிறுநீரை அமிலமாக்கி, மயோகுளோபின் கரைசலை ஊசியில் ஏற்றினார்கள். சிறுநீரகம் செயலிழந்தது. அப்படியென்றால் சிகிச்சை என்ன? நிறைய திரவம் கொடு, சிறுநீரைக் காரமாக்கு, அதுவும் சீக்கிரம் செய். அந்த முயல்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு நெருடல்தான். ஆனால் அந்தச் சோதனை வெட்டியாகப் போகவில்லை.

வெட்டியாகப் போனவையும் உண்டு. பிற்காலத்தில் ஆய்வகங்களில் பிரபலமானது எலி. அதன் சிறுநீரக ரத்தக்குழாயில் கிளிப் போட்டு, முக்கால் மணி நேரம் போல ரத்தத்தை நிறுத்தி, பிறகு திறந்துவிடுவார்கள். சுலபம், எல்லா எலிக்கும் ஒரே மாதிரி சேதம். இந்த மாதிரி சோதனைகளில் பல மருந்துகள் பிரமாதமாக வேலை செய்தன. அதில் ஒன்று அனாரிடைட், இதயம் சுரக்கும் ஒரு ஹார்மோனின் செயற்கை வடிவம். மோசமான நிலையில் இருந்த 504 நோயாளிகளிடம் அதைச் சோதித்து 1997ல் வெளியிட்டார்கள். டயாலிசிஸ் இல்லாமல் பிழைத்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 43 சதவீதம், வெறும் கரைசல் எடுத்தவர்களில் 47 சதவீதம். சிறுநீர் மிகவும் குறைந்துபோன ஒரு பிரிவினருக்கு மட்டும் பலன் இருப்பது போலத் தெரிந்தது. அவர்களை மட்டும் வைத்து, 222 பேரிடம் திரும்பச் செய்தார்கள். பலன் இல்லை.

ஏன்? அந்த எலி இளசு, ஆரோக்கியமானது. நோயாளிக்கோ வயதிருக்கும், சர்க்கரை இருக்கும், ரத்தத்தில் கிருமி பரவியிருக்கும். அதைவிடப் பெரிய வித்தியாசம் கடிகாரம். எலிக்கு எந்த நிமிடத்தில் அடிபட்டதென்று ஆய்வாளருக்குத் தெரியும், கிளிப்பைப் போட்டதே அவர்தானே. ஐசியுவில் கிடக்கும் மனிதரின் கிட்னி எப்போது கெட ஆரம்பித்தது? ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறி நமக்குத் தெரியவரும்போது ஒரு நாளோ இரண்டு நாளோ கடந்திருக்கும்.

கட்டட இடிபாட்டில் மட்டும் இந்தக் கடிகாரம் நமக்கும் தெரியும். 1982 நவம்பரில் தெற்கு லெபனானின் டயர் நகரத்தில் ஒரு கட்டடம் இடிந்து விழுந்தது. தசை நசுங்கிய ஏழு பேருக்கு, வெளியே எடுத்த கையோடு நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற ஆரம்பித்து, பிறகு சிறுநீரைக் காரமாக வைத்தார்கள். ஏழு பேரில் ஒருவருக்குக்கூட சிறுநீரகம் செயலிழக்கவில்லை.

காரமாக்குவது உண்மையிலேயே தேவையா, சாதாரண சலைனே போதுமா என்று மருத்துவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நேரத்தில் மட்டும் சண்டை இல்லை. 2012ல் வந்த சர்வதேசப் பரிந்துரை இன்னும் ஒரு படி முன்னால் போகிறது. ஆளை வெளியே எடுக்கும்வரைகூடக் காத்திருக்காதே. இடிபாட்டுக்கு வெளியே ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தால், அதில் ஊசி போட்டு, பெரியவர்களுக்கு மணிக்கு 1 லிட்டர் சலைன் ஏற்ற ஆரம்பி. அதற்கப்புறம் கல்லை நகர்த்து.