உருக்கப்பட்ட ரூபாய்களும் தவறாக வாங்கிய பந்தும்

கல்கத்தாவின் ரக்பி வரலாற்றைத் தேடிப் படிப்பவர் ஓராண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு செலவுகளைச் சந்திப்பார். 1877இல் ஹேர் பள்ளிச் சிறுவர் சிலர் தங்களுக்குள் காசு திரட்டி ஒரு பந்து வாங்கினர். 1878இல் வெள்ளையர் மன்றம் ஒன்று தன் கணக்கில் எஞ்சிய பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்தது. கோப்பையை உலகம் அறியும். பந்தைப் பற்றி வங்காளத்தில் மட்டுமே பேசுகிறார்கள். அண்மையில் ஒரு கருத்தரங்கில், ஏழைச் சிறார்க்கான விளையாட்டுத் திட்டங்களைப் பற்றிய பேச்சு எழுந்தபோது, "ரக்பி பணக்காரர் ஆட்டம், அதை விடுங்கள்" என்று ஒருவர் முடித்துவிட்டார். அங்கே சொல்ல நேரமில்லாமற் போனதை இங்கே எழுதுகிறேன்.

1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் ஓர் ஆட்டம் நடந்தது. ஒருபுறம் இங்கிலாந்தார் இருபது பேர். மறுபுறம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டார் இருபது பேர். அந்த உற்சாகத்தில் 1873 ஜனவரியில் கல்கத்தா கால்பந்து மன்றம் பிறந்தது. பெயரில்தான் கால்பந்து, ஆடியது ரக்பி. ஐந்தாண்டுகூட அது நிலைக்கவில்லை. ஆடிவந்த படைப்பிரிவு இடம் மாறிற்று. வெப்பத்துக்கு டென்னிசும் போலோவுமே ஏற்றவை என்று உறுப்பினர்கள் கண்டனர். இலவச மதுவை நிறுத்தியதும் கூட்டம் கலைந்தது என்றொரு கதையும் உண்டு. அது எவ்வளவு உண்மையோ, மன்றத்தின் இயல்பை அது சரியாகவே காட்டுகிறது. ஆளுக்குப் படையையும் பணத்துக்குச் சந்தாவையும் நம்பியிருந்த அமைப்பு அது. உள்ளூரில் ஒரு சிறுவனுக்கும் ஆட்டத்தைக் கற்றுத் தராததால், படை போனதும் ஆட்டமும் போயிற்று. யானை அமர்ந்த மூடியும் மூன்று நாகக் கைப்பிடிகளும் கொண்ட அந்தக் கோப்பைக்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதிவருகின்றன.

இனிப் பந்து. நாகேந்திர பிரசாத் சர்பாதிகாரி என்ற சிறுவன் வெள்ளையர் ஆடுவதைக் கண்டு ஆசைப்பட்டு, நண்பர்களோடு மான்டன் கடைக்குப் போய்ப் பந்து வாங்கினான் என்பது வழிவழியாக வரும் செய்தி. கடையில் கிடைத்தது ரக்பிப் பந்து. பிள்ளைகளுக்கு வேறுபாடு தெரியவில்லை. அவர்கள் அதை உதைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் உரிய பந்தை அளித்து ஆட்டத்தையும் சொல்லித் தந்தார். வங்காளக் கால்பந்தின் தோற்றம் இதுவே என்பர். விவரங்களில் ஐயம் கொள்ள இடமுண்டு. தோற்றக் கதைகள் எல்லாமே அப்படித்தான். ஆனால், பிள்ளைகள் திரட்டிய காசும், வழியே போன ஒரு பெரியவரின் அக்கறையும், யாரும் தடுக்காத ஒரு திடலும் சேர்ந்தால் ஒரு விளையாட்டு வேரூன்றும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் கதை எனக்குத் தெரியாது. 1911இல் மோகன் பகான் அணியினர் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் படையணியை வென்றனர். ரக்பிக்கு அத்தகைய நாள் வரவில்லை. அது பின்னர் மன்றங்களிலும், லா மார்ட்டினியர் போன்ற பள்ளிகளிலும், ஆர்மேனியரிடையிலும் ஒதுங்கி வாழ்ந்தது.

அப்படியானால் ரக்பி பணக்காரர் ஆட்டம்தானே? பிறந்த நாட்டிலேயே இந்தக் கேள்வி அதைப் பிளந்தது. சனிக்கிழமை ஆடப் போனால் சுரங்கத்திலும் ஆலையிலும் ஒரு நாள் கூலி போகும். அந்த இழப்பை ஈடுசெய்யலாமா என்ற வழக்கில் வடக்கு இங்கிலாந்தின் மன்றங்கள் 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் கூடிப் பிரிந்து சென்றன. ரக்பி லீக் அப்படித்தான் உருவாயிற்று. அதற்கும் முன்னர், 1883இல், ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்ற சிற்றூர் மன்றம் கையில் பணமின்றித் தவித்தபோது, நெட் ஹெய்க் என்ற இறைச்சிக் கடைக்காரர் அணிக்கு எழுவர் போதும், ஒரே நாளில் பல ஆட்டங்கள் நடத்திப் பணம் திரட்டலாம் என்றார். பணமுடையில் பிறந்த அந்த எழுவர் ஆட்டம் 2016இல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பதினைந்து பேரும் உரிய உடைகளும் இல்லாத ஊர்களில் ரக்பி நுழைய முடிந்ததற்கு அதுவே பெருங்காரணம்.

2004இல் பால் வால்ஷ் என்ற பிரிட்டிஷ் தூதரக அலுவலர் கொல்கத்தா மைதானில் தொடங்கிய ஜங்கிள் குரோஸ் மன்றம் முந்தைய வெள்ளையர் மன்றத்துக்கு நேர் எதிரானது. சேரிப் பிள்ளைகள் ஆட வந்தனர். வளர்ந்ததும் அவர்களே பயிற்றுநர்கள் ஆயினர். 2007இல் புவனேசுவரத்தின் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தின் பழங்குடிச் சிறுவர்கள் குறுகிய காலப் பயிற்சியோடு லண்டன் சென்று, பதினான்கு வயதுக்குட்பட்டோர்க்கான பன்னாட்டுப் பள்ளிப் போட்டியில் தென்னாப்பிரிக்க அணியைத் தோற்கடித்துக் கோப்பை வென்றனர். பின்னர் ஜல்பாய்குரி மாவட்டத்தின் சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பந்தைக் கையிலெடுத்தனர். அவர்களுள் சிலர் இடம்பெற்ற இந்திய அணி 2019இல் மணிலாவில் சிங்கப்பூரை 21–19 என்று வென்றது. பதினைந்து பேர் ஆட்டத்தில் இந்தியப் பெண்களின் முதல் வெற்றி அது. வெற்றிப் புள்ளிகளைப் பெற்றுத் தந்த பெனால்டி உதை ஒடிசாவின் சுமித்ரா நாயக்குடையது.

வெற்றிகளைச் சொல்வது எளிது. கடினமான கேள்வி உடலைப் பற்றியது. கொழுந்து பறித்தோ வீட்டுவேலை செய்தோ பிழைக்கும் தாயின் பிள்ளைக்குத் தோள்பட்டை விலகினால், மருத்துவச் செலவோடு தாயின் கூலியும் சில நாள் போகும். ஆகவே, ஏழைப் பிள்ளைகளின் ரக்பியில் பாதுகாப்பும் சிக்கனமும் ஒரே கணக்கின் இரு வரிகள். ஆபத்தைக் குறைப்பது இந்த ஆட்டத்துக்குப் புதிதும் அன்று. எதிராளியின் கீழ்க்காலில் உதைப்பது ஆண்மை என்று வாதிட்டவர்கள் இருந்தும் 1871இல் ரக்பி யூனியன் அதை விலக்கியது. 2023இல் உலக ரக்பி அமைப்பு, உள்ளூர் ஆட்டங்களில் மார்பெலும்புக்குக் கீழேதான் டாக்கிள் செய்யவேண்டும் என்ற சோதனை விதியைப் பரிந்துரைத்தது. தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு டாக்கிளே தேவையில்லை. இடுப்பில் செருகிய துணிப்பட்டையை இழுத்தால் பிடிபட்டதாகக் கொள்ளும் ஆட்டம் போதும். பழைய சேலைக் கிழிசலில் பட்டை செய்யலாம். ஒரு பந்து முப்பது பேருக்குப் போதும். வயதை மட்டும் பார்க்காமல் எடையையும் உயரத்தையும் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்பதற்குக் காசே வேண்டாம்.

உண்மையில் செலவு பிடிப்பவை வேறு: பயிற்றுநரின் மாத ஊதியம், ஆட்டத்துக்குப் பின் வாழைப்பழமும் முட்டையும், பேருந்துக் கட்டணம், பல்காப்பு, காப்பீடு. நன்கொடையாளர்கள் சட்டையும் பந்தும் தர முன்வருவார்கள், ஏனெனில் அவற்றைப் படமெடுக்கலாம். ஊதியத்தைப் படமெடுக்க முடியாது. பல திட்டங்கள் மூன்றாம் ஆண்டில் ஓய்வது இதனாலேயே என்பது என் கணிப்பு.

இதைப் படிக்கும் ஆய்வு மாணவர்க்கு ஒன்று. 1872 ஆட்டத்தைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிகிறது, ஏனென்றால் ஆடியவர்கள் எழுதிவைத்தனர், அவர்கள் நாட்டார் பாதுகாத்தனர். தோட்டத்துப் பெண்களின் ஆட்டத்துக்கு அத்தகைய ஆவணக்காப்பகம் இல்லை. சென்ற குளிர்காலத்தில் மைதானில் ஓர் இளம் பயிற்றுநர் தம் வருகைப் பதிவேட்டைக் காட்டினார். மழையில் ஊறிக் காய்ந்த பள்ளி நோட்டு. பெயர், எடை, காலணி எண், தாயார் வேலை செய்யும் வீட்டின் தொலைபேசி எண். ஒரு பெயருக்கு நேரே வங்காளத்தில் எழுதியிருந்தது: "தலையில் அடி. மூன்று வாரம் ஆடக்கூடாது. வந்து உட்காரலாம், முட்டை உண்டு."