வனத்து அந்தோணியார் திருநாள்

வனத்து அந்தோணியார் திருநாள், கத்தோலிக்கத் திருச்சபை ஆண்டுதோறும் ஜனவரி 17 அன்று கொண்டாடும் புனிதர் விழா. எகிப்தியப் பாலைவனத்தில் தவவாழ்வு வாழ்ந்த அந்தோணியாரின் நினைவுநாள் இது. திண்டுக்கல் வட்டாரத்தில் இவரைப் பெரிய அந்தோணியார் என்பார்கள். தமிழ்நாட்டில் காணும் பொங்கலன்றோ அதற்கு மறுநாளோ இந்த விழா வருகிறது. உழவர் ஊர்களில் ஆடுமாடுகளைக் கோயில் வாசலுக்கு ஓட்டிவந்து மந்திரித்துச் செல்வதே இதன் தனி அடையாளம். மாட்டுப் பொங்கலை விட முடியாத புதுக் கிறிஸ்தவர்களுக்காகப் பாதிரிமார் ஈடாக வைத்துக்கொடுத்த விழா இது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கேட்க எளிதாக இருக்கும் இந்த விளக்கத்துக்கு நாள்கணக்கும் இடம் தரவில்லை, விழாவின் வரலாறும் இடம் தரவில்லை. ஐரோப்பாவிலிருந்து வரும்போதே இது கால்நடை விழாவாகத்தான் வந்தது. தை மாதத்து உழவர் வாழ்க்கை அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அந்த இழுப்பு எவ்வளவு வலுவானது என்றால், ஜூன் மாதத்துக்குரிய இன்னொரு அந்தோணியாரையும் அது பனிக்காலத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

அந்தோணியார் சுமார் 251-இல் எகிப்தில் நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயதை ஒட்டிப் பெற்றோரை இழந்தார். சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, முதலில் ஊர்ப்புறத்திலும், பிறகு கல்லறைக் குகையிலும், கடைசியில் பாலைவனத்திலும் தனித்து வாழ்ந்தார். 356-இல் தமது 105-ஆம் வயதில் இறந்தார் என்பது மரபு. அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் சில ஆண்டுகளுக்குள் எழுதிய வாழ்க்கை வரலாறு இவர் புகழை மத்தியதரைக் கடல் நாடுகளெங்கும் கொண்டு சென்றது. விலங்கு வடிவில் வந்து பேய்கள் அவரைச் சோதித்த காட்சிகள் அந்த நூலில் விரிவாக உண்டு. ஆனால் ஆடுமாடுகளின் காவலர் என்ற பட்டம் அந்த நூலிலிருந்து வந்ததல்ல. அது ஏழு நூற்றாண்டு கழித்து, பிரான்சில் ஒரு நோயின் வழியாக வந்தது.

11-ஆம் நூற்றாண்டில் அந்தோணியாரின் எலும்புகள் பிரான்சின் தென்கிழக்கே தோஃபினே பகுதிக்குக் கொண்டுவரப்பட்டதாக நம்பினார்கள். ரை தானியத்தில் பற்றும் ஒரு பூஞ்சையால் அக்காலத்தில் கொடிய நோய் பரவிக்கொண்டிருந்தது. கைகால் நெருப்பாய் எரியும், பிறகு கருகி அழுகி உதிரும். அதை அந்தோணியார் நெருப்பு என்றே அழைத்தார்கள். நோயாளிகளைப் பராமரிக்க 1095 வாக்கில் அங்கே உருவானதுதான் அந்தோணியார் மருத்துவத் துறவியர் சபை. அந்தச் சபையின் பன்றிகள் கழுத்தில் மணியோடு ஊர்த் தெருக்களில் தடையின்றி மேயலாம். மற்றவர் பன்றிக்கு அந்த உரிமை இல்லை. பன்றிக் கொழுப்பை நோயாளிகளின் புண்ணுக்குப் பூசினார்கள். இன்றும் வனத்து அந்தோணியார் உருவத்தை நீண்ட தாடி, ஆங்கில டி எழுத்து வடிவக் கோல், மணி, காலடியில் பன்றி என்று அடையாளம் காண்கிறோமே, அது பாலைவனத்து நினைவு அல்ல, பிரெஞ்சு ஆஸ்பத்திரியின் நினைவு. பன்றியில் தொடங்கிய காவல் குதிரை, கழுதை, மாடு, ஆடு என்று விரிந்தது. ஜனவரி 17 அன்று கால்நடைகளுக்கு ஆசி வழங்கும் செபம் ரோமைச் சடங்கு நூலிலேயே இடம்பெற்றது.

அப்படியானால் இவரைக் கால்நடைப் புனிதராக்கியது ஒரு சபையின் செல்வாக்குதானே, பருவத்துக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சபை 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மால்ட்டா வீரர் சபையோடு இணைந்து மறைந்தது. நோயும் காரணம் தெரிந்தபின் ஏறக்குறைய ஒழிந்தது. விழா மட்டும் உழவர்களிடம் நின்றுவிட்டது. அது எப்படி நின்றது என்பதைக் காண ஸ்பெயினின் மயோர்க்கா தீவு நல்ல சான்று. தீவின் வடக்கே சதுப்பு நிலத்தை ஒட்டிய சா பொப்லா என்னும் உழவர் ஊரில் இது ஊர்த் திருவிழா. 16-ஆம் தேதி இரவு கோயில் வழிபாடு முடிந்ததும் தெருவுக்குத் தெரு விறகு அடுக்கித் தீ மூட்டுகிறார்கள். கொம்பு வைத்த பேய் வேடக்காரர்கள் ஆடுகிறார்கள். மண்பானை வாயில் தோல் கட்டி, நடுவே நட்ட குச்சியை ஈரக்கையால் உருவி உறுமவிடும் சிம்பொம்பா என்ற வாத்தியத்தோடு விடியும்வரை பாட்டு நடக்கிறது. சதுப்பு நிலத்து விலாங்கு மீனும் கீரையும் வைத்துச் சுடும் எஸ்பினகாடா என்ற பண்டம் அன்றைய சாப்பாடு. மறுநாள் மந்திரிப்பு. பக்கத்தில் பொயென்சா ஊரில் ஓங்கிய பைன் மரத்தை வெட்டிக் கொண்டுவந்து சோப்புத் தடவி நட்டு, இளைஞர்கள் ஏறுகிறார்கள். நம் ஊர் வழுக்கு மரமேதான். சா பொப்லாவின் தீயையும் போகித் தீயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒரே மூலம் என்று எழுதிவிட ஆசை வரும். அதற்கு ஆதாரம் கிடையாது. ஜனவரியில் இரவு நீளம், பழைய விறகும் வைக்கோலும் மிச்சம், வயலில் வேலை குறைவு. இந்த மூன்றும் உள்ள எந்த நாட்டிலும் தீ மூட்டுவார்கள்.

இனி நாள்கணக்குக்கு வருவோம். தை முதல் நாள் ஜனவரி 14 அல்லது 15 என்பது என்றைக்கும் இருந்த நிலை அல்ல. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துச் சூரியனை அளப்பது. இன்று உலகம் பின்பற்றும் நாட்காட்டி பருவச் சுழற்சியை வைத்து அளப்பது. இரண்டு ஆண்டுகளின் நீளமும் சிறிதளவு வேறுபடுவதால், ஏறக்குறைய எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பொங்கல் பின்னே தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. விவேகானந்தர் 1863 ஜனவரி 12-இல் பிறந்தார். அன்று மகர சங்கராந்தி. அதே கணக்கில் காலத்தில் பின்னோக்கிப் போனால், இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்த 1606-இல் தை பிறந்தது ஜனவரி 8, 9 வாக்கில்தான். மாட்டுப் பொங்கலுக்கும் அந்தோணியார் நாளுக்கும் அப்போது ஒரு வார இடைவெளி. மாட்டுப் பொங்கல் கொண்டாடி முடித்துச் சலங்கையைக் கழற்றி வைத்தபின் வரும் ஒரு நாளை அதற்கு ஈடாக எந்தப் பாதிரியாரும் நீட்டியிருக்க முடியாது. நாம் இன்று காணும் நெருக்கம் அதற்குப் பின் வானம் சிறிது சிறிதாகச் செய்து கொடுத்தது. இன்னும் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டில் தை முதல் நாளே ஜனவரி 17-இல் வந்து நிற்கும். பிறகு அதைத் தாண்டியும் போகும்.

ஒரு வாரம் தள்ளியிருந்தாலும் மாதம் தைதானே, அறுவடைக் காலம்தானே என்று இதை மறுப்பவர் உண்டு. அவர் சொல்வது இந்தக் கட்டுரையின் வாதத்துக்கே துணை. நாளைப் பார்த்து ஒட்டவைத்த விழா அல்ல என்றால், பருவம்தான் இரண்டையும் சேர்த்தது என்று ஆகிறது. இன்னொன்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உள்ளூர் வழக்கங்களை ஏற்பதில் மதுரை மிஷனின் இயேசு சபையார் தாராளம் காட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தத் தாராளமே வழக்காகி, 1704-இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் துர்னோன் தடையாணை பிறப்பித்தார். 1744-இல் ரோமை அதை உறுதிசெய்தது. அந்தக் கெடுபிடிக் காலத்தில் மஞ்சளும் பானையும் கோயில் முற்றத்துக்கு வருவது எளிதல்ல. கோயில் வளாகத்தில் பொங்கல் வைப்பதும் பொங்கல் திருப்பலியும் இன்று காணும் அளவுக்குப் பரவியது 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு. மாடு மந்திரிப்புக்கோ அப்படி யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அது ஏற்கெனவே திருச்சபையின் சொந்தச் சடங்கு. கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் மாலை போட்டு வரிசையாக நிறுத்திய மாடுகள்மீது குருவானவர் தீர்த்தம் தெளிக்கிறார். மந்திரித்த உப்பைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்த் தவிட்டிலும் கழுநீரிலும் கலந்து வைக்கிறார்கள். இதில் உப்பும் நீரும் ரோமைச் சடங்குக்குரியவை. கொம்பு வர்ணமும் மாலையும் தைக்குரியவை.

திண்டுக்கல் மாவட்டத்தில் கொசவபட்டி, உலகம்பட்டி போன்ற ஊர்களில் அந்தோணியார் கோயில் திருவிழாவை ஒட்டி ஜல்லிக்கட்டும் நடக்கிறது. வாடிவாசலுக்கு வரும் காளைகளும் பிடிக்கும் வீரர்களும் எல்லாச் சமயத்தாரும்தான். 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுச் சட்டம் அதை மீட்டது. 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தை உறுதிசெய்தது. இந்தப் பத்தாண்டு வழக்கில் கோயில் திருவிழா என்பதும் ஒரு வாதமாக இருந்தது. மாதா கோயில் வாசலில் நடப்பதும் அதே மரபின் பகுதி என்பதைச் சமய அடையாளத்தை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது.

பருவத்தின் இழுப்புக்கு இதைவிட வலுவான சான்று மற்றொரு அந்தோணியாரிடம் இருக்கிறது. லிஸ்பனில் பிறந்து 1231 ஜூன் 13-இல் இறந்த பதுவை அந்தோணியார், தாடி இல்லாத இளம் துறவி. கையில் குழந்தை இயேசுவும் லீலி மலரும் இருக்கும். அவர் திருநாள் ஜூன் 13. ஆனால் தமிழ்நாட்டில் அவருடைய பெரிய திருத்தலங்களான உவரியிலும் புளியம்பட்டியிலும் 13 நாள் திருவிழா ஜனவரி, பிப்ரவரியில்தான் நடக்கிறது. கொடியேற்றம், நவநாள், சப்பரம், அசனம் எல்லாம் பனிக்காலத்திலேயே. இரண்டு அந்தோணியாரையும் மக்கள் குழப்பிக்கொண்டார்கள் என்று ஒதுக்கிவிடலாம். குழப்பம் உண்டு, மறுக்கவில்லை. பேயோட்டலுக்குப் பேர்போன புளியம்பட்டியில் பதுவையார் செய்யும் வேலை, பாலைவனத்துப் பெரியவர் பேய்களோடு போராடிய கதைக்கே அதிகம் பொருந்துகிறது. ஆனால் வெறும் குழப்பம் என்றால் விழா ஜனவரி 17-இல் போய் விழுந்திருக்க வேண்டும். அப்படி விழவில்லை. நெல் வீடு வந்து, கையில் காசு புழங்கி, வண்டி கட்டிக் குடும்பத்தோடு வந்து தங்கப் பொழுது கிடைக்கும் வாரங்களில் விழுந்தது.

உழவே இல்லாத கச்சத்தீவிலும் பருவம்தான் பேசுகிறது. யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பொறுப்பில் உள்ள அந்தோணியார் கோயிலுக்கு ராமேசுவரத்திலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் மீனவர்கள் படகில் வருகிறார்கள். அங்கேயும் விழா ஜூனில் இல்லை, பிப்ரவரி அல்லது மார்ச்சில். வாடைக்காற்று அடங்கி, சோளகக் காற்று தொடங்காத அமைதியான கடல் அப்போதுதான் கிடைக்கும். தவக்காலத்தில் ஆடம்பரத் திருவிழாவைத் தவிர்ப்பது கத்தோலிக்க வழக்கம். கச்சத்தீவு விழாவோ பல ஆண்டுகளில் தவக்காலத்துக்குள்ளேயே வந்து, முதல் நாள் சிலுவைப் பாதையோடு நடக்கிறது. காற்றுக்காகத் திருச்சபையின் காலமே வளைந்து கொடுத்திருக்கிறது. எதிர்ச் சான்றும் உண்டு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் கோயில் ஜூன் 13-ஐ மாற்றாமல் வைத்திருக்கிறது. அது துறைமுகத்தையும் கடைத்தெருவையும் நம்பிய ஊர். அறுவடையும் காற்றும் அதன் வரவு செலவைத் தீர்மானிப்பதில்லை. ஆகவே திருச்சபை தந்த தேதி அங்கே அப்படியே நின்றது.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலை இந்த விளக்கத்துக்கு ஒரு கடினமான சோதனை. பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். சம்பா அறுப்பும் நவரை நாற்றும் ஜனவரியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருவதால், இங்கே தை முழு ஓய்வு மாதம் அல்ல. இந்தப் பகுதியின் பழைய கத்தோலிக்கத் தலமான பழவேற்காட்டு மகிமை மாதா கோயில் 1515-இல் போர்த்துகீசியர் காலத்தில் எழுந்தது. ஏரியையும் கடலையும் நம்பிய அந்த ஊரின் பெருவிழா ஈஸ்டருக்குப் பிந்தைய வாரங்களில் நடக்கிறது, பனிக்காலத்தில் அல்ல. இப்போது வள்ளூரில் 1500 மெகாவாட் அனல்மின் நிலையமும், கும்மிடிப்பூண்டியில் சிப்காட் ஆலைகளும், எண்ணூரில் துறைமுகமும் வேலையின் கடிகாரத்தை ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டன. டிராக்டர் வந்தபின் ஏர்மாடு அருகிவிட்டது. பொங்கலுக்குச் சொந்த ஊர் போகும் ஆலைத் தொழிலாளி 17-ஆம் தேதி பஸ் பிடித்துத் திரும்பியாக வேண்டும். இப்படிப்பட்ட ஊர்களில் திருநாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைப்பதும், ஆண்டுக்கு ஒரு விழாவைவிட வேலை முடிந்து வந்து கலந்துகொள்ளக்கூடிய செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் வலுப்பதும் எதிர்பார்க்கத்தக்கவையே. மந்திரிப்புக்கு மாடு கிடைக்காத இடத்தில் மோட்டார் சைக்கிளும் மினி லாரியும் வரிசையில் நிற்கலாம். ரோமைச் சடங்கு நூலில் வாகனங்களுக்கும் தனியாக ஒரு செபம் இருக்கிறது.