ஒன்பது நீதிபதிகளும் ஒரு வகுப்பறையும்

நீதிமன்றத்தைப் பற்றிய பாடம் சட்டக் கல்லூரிக்கே உரியது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வாறில்லை. தொழில் எதற்கும் பயிற்றாமல், இலக்கியம், சரித்திரம், தத்துவம், கணிதம் முதலியவற்றைப் பொதுக் கல்வியாகப் புகட்டும் கலைக் கல்லூரிகள் அங்கே பல உண்டு. 1821-இல் தோன்றிய ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி அவற்றுள் ஒன்று. இத்தகைய கல்லூரிகளில், வழக்கறிஞராகும் எண்ணமே இல்லாத மாணாக்கரும் நீதித்துறை அரசியல் என்னும் பாடத்தைப் பயில்கின்றனர். சட்டம் என்ன சொல்கிறது என்பது சட்டக் கல்லூரியின் வினா. நீதிபதியை நியமித்தவர் யார், அவர் ஏன் அவ்வாறு தீர்ப்பளித்தார், நாடு அதை ஏன் ஏற்றது என்பன இப்பாடத்தின் வினாக்கள்.

இதைக் கற்பிப்பது எளிதன்று. நெடுங்காலம் சரித்திரம் போதித்து ஓய்வு பெற்றவன் நான். நீதிபதிகள் அரசியல் வாடையே அறியாத தவசிகள் என்று மாணவன் நம்பிவிடலாம். அங்கி அணிந்த கட்சிக்காரர் என்றும் முடிவு கட்டிவிடலாம். பின்னது சாமர்த்தியம் போலத் தோன்றுவதால் அதிக ஆபத்துடையது. 1937-ஆம் ஆண்டு நிகழ்ச்சியைப் பாருங்கள்.

பொருளாதார மந்தத்தைப் போக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கொணர்ந்த முக்கியச் சட்டங்கள் சிலவற்றை உச்ச நீதிமன்றம் 1935, 1936-ஆம் ஆண்டுகளில் செல்லாதெனத் தள்ளியது. பெண் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி விதித்த நியூயார்க் மாநிலச் சட்டமும் 1936 ஜூனில் வீழ்ந்தது. எதிர்த்தவர் ஐவர், ஆதரித்தவர் நால்வர். ஐவருள் ஒருவர் ஓவன் ராபர்ட்ஸ். நவம்பர் தேர்தலில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களுள் 46-இல் வென்றார். 1937 பிப்ரவரி 5-இல் ஒரு திட்டத்தை வெளியிட்டார்: எழுபது வயது கடந்தும் விலகாத நீதிபதி ஒவ்வொருவருக்கும் ஈடாகப் புதியவர் ஒருவரை, ஆறு பேர் வரை, நியமிக்கலாம். நம் நாட்டில் உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதில் ஓய்வு பெறுகிறார். அங்கோ ஆயுட்காலப் பதவி. ஆயினும் முதுமை ஒரு சாக்கே. ஒன்பதின்மருள் மூத்தவரான பிராண்டைஸ், எண்பது வயதிலும் கூலிச் சட்டத்தை ஆதரித்தவர் அல்லரோ!

எல்ஸி பாரிஷ் என்பவர் வாஷிங்டன் மாநிலத்து ஓட்டல் ஒன்றில் பணிப்பெண். சட்டப்படி 48 மணி நேர வாரத்துக்கு 14.50 டாலர் கிடைத்திருக்க வேண்டும். குறைந்த தொகையாகிய 216.19 டாலரைக் கேட்டு வழக்காடினார். மார்ச் 29-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. மீண்டும் ஐவர், நால்வர். ஆனால் ராபர்ட்ஸ் இம்முறை ஆதரித்தவரோடு நின்றார். அவர் மாறியதால் ஒன்பதின்மர் பிழைத்தனர் என்று கேலி எழுந்தது. மிரட்டல் பலித்தது என்று வகுப்பு முழுதும் சொல்லும்.

ஆசிரியர் கரும்பலகையில் தேதிகளை எழுத வேண்டிய நேரம் இதுவே. நீதிபதிகள் தனியறையில் கூடி வாக்களித்த நாள் 1936 டிசம்பர் 19. திட்டம் வெளிவர இன்னும் ஏழு வாரம் இருந்தது. ராபர்ட்ஸ் அன்றே சட்டத்தை ஆதரித்துவிட்டார். ஹார்லன் ஸ்டோன் நோயுற்று வராமையால் நால்வருக்கு நால்வராக நின்று தீர்ப்பு தாமதப்பட்டது. இந்த ஸ்டோன் நான் முன்பு கூறிய ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1894-இல் பட்டம் பெற்றவர்.

அப்படியானால் அச்சம் இல்லையா? தேர்தல் நவம்பரிலேயே முடிந்துவிட்டதே என்று கடைசி பெஞ்சு மாணவன் கேட்பான், கேட்க வேண்டும். மேலும், நியூயார்க் வழக்கில் 1923-ஆம் ஆண்டுப் பழைய தீர்ப்பை மாற்றும்படி எவரும் கோரவில்லை என்பது ராபர்ட்ஸ் தந்த விளக்கம். 1945-இல் அவர் எழுதிய அக்குறிப்பை, 1955-இல் அவர் மறைந்த பின்னர் சக நீதிபதி பிராங்க்பர்ட்டர் வெளியிட்டார். தன் வழக்கில் தானே சொன்ன சாட்சியம் அது. எவ்வளவு நம்பலாம் என்பதில் அறிஞரிடையே உடன்பாடு இல்லை. ஆம் என்று எழுதுபவனுக்கும் இல்லை என்று எழுதுபவனுக்கும் நான் ஒரே மதிப்பெண் இடுவேன். தேதிகளை விட்டவனுக்குப் பாதிதான்.

ரூஸ்வெல்ட்டின் கட்சியே மிகுந்திருந்த செனெட் சபை, ஜூலை 22-இல் 70-க்கு 20 வாக்குகளால் திட்டத்தைத் திருப்பி அனுப்பிற்று. ஆயினும் இயல்பாக இடங்கள் காலியாகி, 1941-க்குள் எழுவர் அவர் நியமித்த புதியவராயினர். சிகாகோப் பேராசிரியர் பிரிட்செட் அவர்கள் வாக்குகளை எண்ணிப் பட்டியலிட்டு, 1948-இல் நூலாக்கினார். ஒரே ஜனாதிபதி நியமித்தவர்கள் ஒரே பக்கம் நின்றிருப்பார்கள் என்று எதிர்பார்த்து அதைப் புரட்டும் மாணவன் திகைப்பான். பிளாக்கும் பிராங்க்பர்ட்டரும் அடிக்கடி எதிரெதிரே நின்றனர்.