ரிவியூ வந்த வழி

கிரிக்கெட் விதிப்படி, யாரும் கேட்காமல் நடுவர் அவுட் கொடுப்பதில்லை. ஃபீல்டிங் அணி ‘ஹவ்ஸ் தட்’ என்று கேட்க வேண்டும். அதன் பிறகே தீர்ப்பு. கேட்கும் உரிமை அந்த அளவுக்குப் பழையது. கிடைத்த தீர்ப்பை ஏற்காமல் மறுபடி கேட்கும் உரிமை மட்டும் மிகத் தாமதமாகத்தான் வந்தது.

அதன் முதல் சுவடு 1992 நவம்பரில், தென் ஆப்பிரிக்காவின் டர்பனில். டெண்டுல்கர் ரன் அவுட்டா இல்லையா என்று கள நடுவர் சிரில் மிச்லிக்குத் தெளிவாகவில்லை. டிவி முன்னால் இருந்த கார்ல் லீபென்பெர்கைக் கேட்டார். அவுட் என்று பதில் வந்தது. மூன்றாம் நடுவர் தீர்ப்பில் வெளியேறிய முதல் பேட்ஸ்மேன் டெண்டுல்கர்தான். ஆனால் அங்கே கேட்டவர் நடுவர். அவருக்குச் சந்தேகம் வந்தால் மட்டுமே கேமராவுக்கு வேலை. சென்னைக்காரர் எஸ். வெங்கட்ராகவன் 73 டெஸ்ட்களில் நடுவராக நின்று 2004இல் ஓய்வு பெற்றார். அவர் எல்பிடபிள்யூ என்று விரலை உயர்த்தினால், பேட்ஸ்மேன் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

2008 ஜூலையில் கொழும்பு எஸ்எஸ்சி மைதானத்தில் அந்த உரிமை ஆட்டக்காரர் கைக்கு மாறியது. இந்தியா – இலங்கை டெஸ்ட் தொடரைச் சோதனைக் களமாக ஐசிசி தேர்ந்தெடுத்தது. இன்னிங்ஸுக்கு மூன்று முறை தோற்கலாம். அதற்குமேல் கேட்க முடியாது. ஜாகிர் கான் பந்தில் கேட்ச் என்று நடுவர் மார்க் பென்சன் கொடுத்த தீர்ப்பை திலகரத்ன தில்ஷன் ஏற்கவில்லை. மறுபடி பார்த்தார்கள், தீர்ப்பு மாறியது. அந்தத் தொடர் முழுவதிலும் இலங்கைக்கு 11 முறை ரிவியூ பலித்தது. இந்தியாவுக்கு ஒரே ஒரு முறை.

இரண்டு அணிக்கும் அதே கேமரா, அதே நடுவர்கள். இலங்கை வீரர்கள் எதைக் கேட்பது, எதை விடுவது என்று பிரித்துப் பார்த்தார்கள். நம்மவர்கள் ஆசைப்பட்டதைக் கேட்டார்கள். ரிவியூ என்பது முழுக்க இந்தப் பிரித்தறியும் திறன்தான் என்று நான் நம்புகிறேன். அவுட்டாக வேண்டும் என்ற ஆசையையும், அவுட்டானதைக் கண்ட கண்ணையும் சில நொடிகளுக்குள் தனித்தனியாக வைக்கத் தெரிய வேண்டும்.

அதன் பிறகு இந்திய வாரியம் நெடுங்காலம் இதை ஏற்கவில்லை. பந்தின் தடத்தைக் கணிக்கும் தொழில்நுட்பத்தின் மேல் நம்பிக்கை இல்லை என்பது அதன் வாதம். 2009 நவம்பரில் நியூசிலாந்தின் டுனிடினில், டிஆர்எஸ் எனப்படும் இந்த ரிவியூ முறை அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. 2016 நவம்பரில்தான் ராஜ்கோட் டெஸ்ட்டுடன் இந்தியாவின் சொந்த மண்ணில் நடக்கும் டெஸ்ட்களுக்கு வந்து சேர்ந்தது.

நெருக்கமான ஆட்டத்தில் ரிவியூவின் விலை என்ன என்பதை 2019 ஆகஸ்ட் 25 அன்று ஹெடிங்லி காட்டியது. 359 ரன்னைத் துரத்திய இங்கிலாந்துக்குக் கடைசி விக்கெட். பாட் கம்மின்ஸ் வீசிய பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து ஜாக் லீச்சின் காலில் பட்டது. ஆஸ்திரேலிய கேப்டன் டிம் பெய்ன் மிச்சமிருந்த ஒரே ரிவியூவை அதில் செலவழித்தார், பலிக்கவில்லை. அடுத்த ஓவரில், வெற்றிக்கு இரண்டு ரன் இருக்கையில், நேதன் லயன் பந்து பென் ஸ்டோக்ஸின் காலில் பட்டது. நடுவர் ஜோயல் வில்சன் அவுட் தரவில்லை. ஸ்டம்பைத் தகர்த்திருக்கும் என்று பந்தின் தடம் பிறகு காட்டியது. கேட்க உரிமை இல்லை. இங்கிலாந்து ஒரு விக்கெட்டில் வென்றது. நடுவரின் தவறு ஒரு நொடியில் நடந்தது. அதைத் திருத்தும் வழி அதற்கு முந்தைய ஓவரிலேயே அடைபட்டுவிட்டது.

2023இல் இந்த உரிமை இன்னும் சின்ன விஷயங்களுக்கும் இறங்கி வந்தது. மகளிர் பிரீமியர் லீக்கிலும் ஐபிஎல்லிலும் வைடையும் நோ பாலையும்கூட ரிவியூ கேட்கலாம் என்றார்கள். அதே ஆண்டில் தமிழ்நாடு பிரீமியர் லீக்குக்கும் டிஆர்எஸ் வந்தது. ஜூன் 14, கோவை. திண்டுக்கல் டிராகன்ஸுக்காக அஸ்வின் பந்து வீச, திருச்சியின் ராஜ்குமார் கேட்ச் என்று நடுவர் கை உயர்த்தினார். ராஜ்குமார் ரிவியூ கேட்டார். சத்தம் மட்டை தரையில் பட்டதால் வந்தது என்று தீர்ப்பு மாறியது. உடனே அஸ்வின் அந்த மாறிய தீர்ப்பின் மேலேயே ரிவியூ கேட்டார். நாட் அவுட் அப்படியே நின்றது. மறுபடி கேட்ட தீர்ப்பையும் மறுபடி கேட்கலாமா என்ற கேள்வி தமிழ்நாட்டு மைதானத்தில் எழுந்ததை நான் பெருமையாகவே நினைக்கிறேன். விதியின் விளிம்புவரை போய்ப் பார்க்கும் ஆட்டக்காரரால்தான் விதி தெளிவாகிறது.

இப்போது இந்த உரிமை பேஸ்பாலிலும் ஆழமாகப் போயிருக்கிறது. அங்கே அடிப்பவர் அடிக்காமல் விடும் ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்பு உண்டு. பிடிப்பவருக்குப் பின்னால் நிற்கும் நடுவர், பந்து உரிய கட்டத்துக்குள் வந்தால் ‘ஸ்டிரைக்’ என்பார்; விலகினால் ‘பால்’. மூன்று ஸ்டிரைக் ஆனால் அடிப்பவர் அவுட். நான்கு பால் ஆனால் முதல் பேஸுக்கு இலவசமாக நடக்கலாம். இந்தத் தீர்ப்பைக் கேள்வி கேட்க முடியாது என்பது நீண்ட காலப் பழக்கம். 2026 பருவத்திலிருந்து அமெரிக்க மேஜர் லீக்கில் ஓர் அணிக்கு இரண்டு சேலஞ்ச். வென்றால் குறையாது, தோற்றால் ஒன்று போகும். கட்டத்தின் அகலம் 17 அங்குலம். மேல் எல்லை அடிப்பவரின் உயரத்தில் 53.5 சதவீதம், கீழ் எல்லை 27 சதவீதம்.

வீசுபவர், பிடிப்பவர், அடிப்பவர் மூவர் மட்டுமே கேட்கலாம். உடனே தொப்பியைத் தட்ட வேண்டும். வெளியில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் சைகை காட்டக் கூடாது. 2025இல் நடந்த சோதனை ஆட்டங்களில் பாதிக்குச் சற்று அதிகமான சேலஞ்சுகளே பலித்தன. அதிகம் சரியாகக் கேட்டவர்கள் பிடிப்பவர்கள். அதிகம் தவறியவர்கள் வீசுபவர்கள். பந்தைக் கையில் வாங்கியவருக்குக் கண் முந்துகிறது, அறுபது அடி தள்ளி நின்று வீசியவருக்கு ஆசை முந்துகிறது. முதல் இன்னிங்ஸிலேயே இரண்டு சேலஞ்சையும் தோற்ற அணிக்கு, கடைசி இன்னிங்ஸில் மூன்று பேஸும் நிறைந்து நிற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது.

போடிநாயக்கனூரில் இந்தச் செலவுக் கணக்கை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இங்கே ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையத்தில் ஏலக்காய் லாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சாம்பிளைக் கையில் அள்ளி, பச்சை நிறம், காயின் பருமன், லிட்டர் வெயிட் (ஒரு லிட்டர் காயின் எடை) பார்த்து, நொடிகளில் வியாபாரி விலை கேட்கிறார். முதல் லாட்டுகளிலேயே பணத்தைக் கொட்டிவிட்டால், பின்னால் வரும் நல்ல காய்க்குக் கை நீளாது.

கண் பழகிய இந்த ஊரில், ஆட்டத்தில் மட்டும் அந்த உரிமை இன்னும் வந்து சேரவில்லை. விடியலில் போடிமெட்டு வளைவுகளில் ஜீப் ஏறித் தோட்டங்களுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் டென்னிஸ் பந்தில் ஆடுகிறார்கள். நடுவர் பெரும்பாலும் பேட்டிங் அணியின் ஆள். அதனால் எல்பிடபிள்யூ என்ற விதியையே எடுத்துவிடுகிறார்கள். கேமரா இல்லாமலேயே பையன்கள் ரிவியூ கேட்கும் ‘டி’ சைகையைக் கையால் காட்டுகிறார்கள். அது விளையாட்டாகவே முடிந்துபோகிறது.

அதை விதியாக்கலாம். பந்து வீசுபவர் பக்கம் ஒருவர், லெக் பக்கம் ஒருவர் என அணிக்கு ஓர் ஆளாக இரண்டு நடுவர்கள். இன்னிங்ஸுக்கு அணிக்கு ஒரே ஒரு ரிவியூ. கேட்டதும் இருவரும் கூடிப் பேசித் தீர்ப்பு சொல்ல வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் முதல் தீர்ப்பே நிற்கும். பலிக்காத ரிவியூ தீர்ந்தது. நடுவர்கள் ஒருவரோடொருவர் கலந்தாலோசிப்பதை கிரிக்கெட் விதியும் அனுமதிக்கிறது. செலவு எதுவும் இல்லை. எல்பிடபிள்யூ திரும்பி வரும். கத்துவதற்கு முன் விக்கெட் கீப்பரின் முகத்தைப் பார்த்துக் கேட்கும் பழக்கம் வரும். ‘நீ நிஜமாப் பாத்தியா?’ என்று கேப்டன் கேட்க, ‘இல்லண்ணே, சரியாத் தெரியல’ என்று ஒரு பையன் சொல்லத் தொடங்கினால், கொழும்பில் நம் அணிக்குக் கைவராதது அவனுக்குக் கைவந்துவிட்டது என்று பொருள். வரும் கோடை டோர்னமென்ட் நோட்டீஸிலேயே இந்த விதியை அச்சடித்துவிடலாம்.