கிட்டியின் இருக்கை: ஜெஃப் மேங்கமின் இரண்டாம் இசைத்தொகுப்பு

1998 பிப்ரவரியில் அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ‘மெர்ஜ் ரெக்கார்ட்ஸ்’ என்னும் சிறு நிறுவனம், ‘நியூட்ரல் மில்க் ஹோட்டல்’ என்ற குழுவின் இரண்டாம் இசைத்தொகுப்பை வெளியிட்டது. முதற்கட்டமாக 5,500 குறுந்தகடுகளும் 1,600 இசைத்தட்டுகளும் மட்டுமே தயாராயின. முதல் தொகுப்பு ஏறத்தாழ ஐயாயிரம் படிகள் விற்றிருந்ததால் இதற்குமேல் எதிர்பார்க்க நிறுவனத்துக்குக் காரணம் இல்லை. பத்தாண்டுகள் கழித்து, 2008இல், ‘இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ’ என்னும் அதே தொகுப்பு, அமெரிக்காவில் அவ்வாண்டு மிகுதியாக விற்ற இசைத்தட்டுகளின் பட்டியலில் ஆறாம் இடத்தில் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தக் குழு ஒரு புதிய தொகுப்பும் வெளியிடவில்லை. பாடல்களை எழுதிப் பாடிய ஜெஃப் மேங்கம் மேடையேறுவதையே ஏறத்தாழ நிறுத்தியிருந்தார்.

இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவே வழக்கமாக ஒரு கதை சொல்லப்படுகிறது: வெளியானபோது உலகம் கவனிக்கவில்லை, கலைஞர் மனமுடைந்து மறைந்தார், பின்வந்த தலைமுறை அவரைக் கண்டெடுத்தது. சான்றுகளோடு ஒப்பிட்டால் கதையின் தொடக்கமே பிழை. ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழ் விமர்சகர்களிடையே நடத்திவந்த ஆண்டு வாக்கெடுப்பில் 1998க்குரிய பட்டியலில் இத்தொகுப்பு 15ஆம் இடம் பெற்றது. ‘பிட்ச்ஃபோர்க்’ பத்துக்கு 8.7 அளித்தது. ‘ரோலிங் ஸ்டோன்’ மூன்று விண்மீன்களோடு நிறுத்திக்கொண்டது உண்மைதான். ஆனால் ஒரு சிறு நிறுவனத்தின் வெளியீட்டை அவ்விதழ் மதிப்பிட்டதே கவனத்துக்குச் சான்று. ஆகவே ஆராயவேண்டியது, ஒரு நல்ல வரவேற்பு எவ்வாறு வழிபாடாக மாறியது என்பதையே. அதற்கான விடையைப் பலரும் மேங்கமின் வாழ்க்கையில் தேடினார்கள். நான் பாடல்களின் விளிமுறையில், அதாவது யார் யாரை நோக்கிப் பேசுகிறார் என்பதில் தேடலாம் என்கிறேன். மொழியியல் படித்தவனின் துறைப்பற்று என்று இதைக் கொள்வோர் கொள்ளட்டும்.

மேங்கம் லூசியானா மாநிலத்தின் ரஸ்டன் என்னும் சிறு நகரில் வளர்ந்தவர். ராபர்ட் ஷ்னைடர், பில் டாஸ், வில் கல்லன் ஹார்ட் ஆகியோர் அவருடைய இளமைக்கால நண்பர்கள். வீட்டிலேயே பாடல்களைப் பதிந்து, ஒலிநாடாக்களை ஒருவருக்கொருவர் கொடுத்து வளர்ந்த இந்நால்வரைச் சுற்றித்தான் ‘எலிஃபன்ட் சிக்ஸ்’ என்னும் இசைக்கூட்டம் உருவாயிற்று. நண்பன் கேட்பதற்காகப் பாடுதல் என்னும் பழக்கம் அங்கே தொடங்குகிறது. பின்னால் வருவதற்கு இது முக்கியம். 1996இல் வந்த முதல் தொகுப்பான ‘ஆன் ஏவரி ஐலண்ட்’ பெரும்பாலும் மேங்கமும் ஷ்னைடரும் சேர்ந்து உருவாக்கியது. அதன் பிறகே ஜூலியன் கோஸ்டர், ஜெரமி பார்ன்ஸ், ஸ்காட் ஸ்பில்லேன் ஆகியோர் இணைந்து குழு முழுமை பெற்றது.

இரண்டாம் தொகுப்பு 1997 கோடையில் டென்வர் நகரில், ‘பெட் சவுண்ட்ஸ்’ என்று பெயரிடப்பட்ட ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவாயிற்று. பெயருக்குத்தான் கூடம், இருந்தது ஒரு வீட்டுக்குள். தயாரிப்பாளர் ஷ்னைடர். மின்கிதாரின் ஒலிச்சிதைவு ராக் இசையில் புதிதல்ல. இங்கே சிதைவது சாதாரண மரக்கிதாரின் ஒலி. ஒலிவாங்கியை அருகில் வைத்து, கருவி தாங்கும் அளவுக்கு மேல் ஒலியை ஏற்றிப் பதிந்ததால், ஒருவர் தனியறையில் வாசிக்கும் நெருக்கமும் நெருப்புப் பற்றிய ஓசையும் ஒருங்கே கேட்கின்றன. அதன்மேல் டிரம்பெட், டிராம்போன், அக்கார்டியன், பாஞ்சோ, மரம் அறுக்கும் ரம்பத்தை வில்லால் இழைத்து எழுப்பும் கோஸ்டரின் ஓலம். பித்தளைக் கருவிகளுக்கான இசையை ஷ்னைடரும் ஸ்பில்லேனும் அமைத்தார்கள். அது ஊர்வலத்தில் போகும் பேண்டு வாத்தியத்தைப் போலச் சில இடங்களில் தடுமாறும். தடுமாற்றத்தைத் திருத்தாமல் விட்டது நல்லதாயிற்று. எட்டு நிமிடங்களுக்கு மேல் நீளும் ‘ஓ கம்லி’ என்னும் பாடலில், ஒலியளவைச் சோதிக்கச் சிறிது வாசிக்கச் சொன்னபோது மேங்கம் முழுப் பாடலையும் ஒரே மூச்சில் பாடி முடித்தார். முடிவில் ஒருவர் வியந்து கூவும் குரல் இன்றும் பதிவில் உள்ளது. அதுவே இத்தொகுப்பின் முதல் வரவேற்பு.

இனி பாடல்களின் உள்ளே. முதல் தொகுப்பு வெளிவரும் முன்னர் மேங்கம் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் படித்தார். படித்து முடித்துச் சில நாள்கள் அழுதுகொண்டிருந்ததாகவும், காலத்தில் பின்னோக்கிச் சென்று அவளைக் காப்பாற்றும் கனவுகள் வந்ததாகவும் பின்னர் ஒரு நேர்காணலில் கூறினார். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த நாட்குறிப்பின் மொழியமைப்பை எண்ணினால் இது எளிதில் நேரக்கூடியதே. ஆன் தன் குறிப்புகளைக் ‘கிட்டி’ என்னும் கற்பனைத் தோழிக்குக் கடிதங்களாக எழுதினாள். ஒவ்வொரு பக்கமும் முன்னிலையை நோக்கிப் பேசுகிறது; அந்த முன்னிலைக்குரிய ஆள் இல்லை. யார் புத்தகத்தைத் திறந்தாலும் கிட்டியின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறார். கடிதம் வந்துவிட்டது, மறுமொழி எழுத முகவரி இல்லை என்னும் நிலையில் வாசகர் விடப்படுகிறார். மேங்கம் செய்தது, மறுமொழி எழுத முயன்றது.

அவர் அதை நேராகச் செய்யவில்லை. தொகுப்பு முழுவதும் ‘அவள்’ வருகிறாள், ‘நீ’ வருகிறாய். யாரைச் சுட்டுகின்றன என்று பாடல் சொல்வதில்லை. பாலுணர்வும் குழந்தைமையும் குடும்ப வன்முறையும் இறைவேட்கையும் ஒரே சுட்டுப்பெயருக்குள் நெருங்கி நிற்கின்றன. தமிழ் படித்தவர்க்கு இங்கே தொல்காப்பிய அகத்திணை நினைவுக்கு வராமல் இராது. அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது; சுட்டினால் பாட்டு புறமாகிவிடும். நெடுநல்வாடையில் பாண்டியனின் பெயரே இல்லை; ஆனாலும் வேலில் கட்டிய வேம்பு அவனை அடையாளம் காட்டுவதால் அது புறம் என்றார் நச்சினார்க்கினியர். மேங்கமின் பாடல்களிலும் ஆன் ஃபிராங்க் என்னும் முழுப்பெயர் ஓரிடத்தும் இல்லை. தலைப்புப் பாடலில் ‘அன்னா’ என்று ஒருமுறை, வேறொரு பாடலில் 1929 என்னும் பிறப்பாண்டு, ஒரு பாடலுக்கு ‘ஹாலந்து, 1945’ என்னும் தலைப்பு. இவை வேலில் கட்டிய வேம்புகள். அவற்றைக் கண்டவுடன், பெயரற்ற காதற்பாட்டாகக் கேட்டது இருபதாம் நூற்றாண்டின் பேரழிவைப் பற்றிய பாட்டாகத் திரும்பிவிடுகிறது. இரு மரபுகளுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. நம் உரையாசிரியர்கள் எழுப்பிய வினா இங்கும் பயன்படுகிறது என்பதே என் நிலை.

அந்த வேம்பைக் கூர்ந்து பார்க்கவேண்டும். 1945இல் ஆன் ஹாலந்தில் இல்லை. ஆம்ஸ்டர்டாமின் மறைவிடத்திலிருந்து 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிக்கப்பட்டு, செப்டம்பர் 3 அன்று ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றப்பட்டு, அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் பெர்கன்-பெல்சனுக்கு மாற்றப்பட்டு, 1945 தொடக்கத்தில் அங்கே இறந்தாள். ‘ஹாலந்து’, ‘1945’ ஆகிய இரண்டில் எதைத் தலைப்பாக வைப்பது என்று மேங்கம் தயங்கியபோது, இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று உறை வடிவமைப்பாளர் கிறிஸ் பில்ஹைமர் சொன்னதாகத் தெரிகிறது. நிகழாத ஓர் இடகாலம் அவ்வாறு பிறந்தது. இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். ‘ஓ கம்லி’யில் வருவதை அவ்வாறு விட முடியவில்லை. அங்கே இறந்த பெண் தன் அக்காளோடும் தாயோடும் ஒன்றாகப் புதைக்கப்படுகிறாள். வரலாற்றில் அக்காள் மார்கோட் ஆனுடன் பெர்கன்-பெல்சனில் இறந்தாள். தாய் எடித் ஆஷ்விட்ஸிலேயே விடப்பட்டு 1945 ஜனவரியில் அங்கே இறந்தார். குடும்பங்களைப் பிரிப்பது அந்த முகாம்களின் இயக்கத்துக்கு அடிப்படை. பாடல் அன்பினால் மூவரையும் ஒரு குழியில் சேர்க்கிறது. சேர்க்கும்போதே அவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையின் ஒரு பகுதியை அழித்துவிடுகிறது. இதை மன்னிக்கத்தக்க புனைவு என்பாரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆயினும் அப்பாடலைக் கேட்காமலும் இருக்க முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. நாட்குறிப்பை வெளியிடவேண்டும் என்பது ஆனின் சொந்த விருப்பம். 1944 வசந்தத்தில், போர்க்கால ஆவணங்களைச் சேகரிக்கப்போவதாக வானொலியில் கேட்டபின் அவள் தன் குறிப்புகளைத் திருத்தி எழுதத் தொடங்கினாள். உடன் மறைந்திருந்தோர்க்குப் புனைபெயர்களும் இட்டாள். யாருடைய பெயர் வெளியே போகலாம், யாருடையது போகக்கூடாது என்று பதினைந்து வயதில் அவள் எண்ணிப்பார்த்திருக்கிறாள். அவள் எழுத்தாளர், வெறும் பலியாள் என்று சுருக்குவது தகாது.

தொகுப்பின் உறைப்படம் பழைய ஐரோப்பிய அஞ்சலட்டை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. கடலில் குளிப்போரில் ஒரு பெண்ணின் முகத்தை நீக்கி அங்கே மேளத்தின் தோல்முகத்தைப் பொருத்தியிருக்கிறார்கள். பாடலில் பெயர் இல்லை, உறையில் முகம் இல்லை. காலியான அந்த வட்டத்தில் யாரை வேண்டுமானாலும் வைக்கலாம். கேட்பவர்கள் இறுதியில் வைத்தது மேங்கமையே.

1998இன் சுற்றுப்பயணங்களுக்குப் பின் அவர் ஒதுங்கினார். ஒதுங்கினார் என்றால் ஓய்ந்துவிட்டார் என்று பொருளல்ல. 2000இல் பல்கேரியாவின் கோப்ரிவ்ஷ்டிட்சா நாட்டார் இசைவிழாவில் அவர் செய்த களப்பதிவுகள் மறு ஆண்டு வெளியாயின. 2002இல் ‘டபிள்யூ எஃப் எம் யூ’ வானொலியில் வேறு பெயரில் நிகழ்ச்சி நடத்தினார். ஆனால் கேட்போர் விரும்பியது மௌனத்தை. ஆகவே இவற்றை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2003இல் அட்லாண்டாவின் வார இதழ் ஒன்றில் எழுதும் செய்தியாளர் அவரைத் தேடி நண்பர்களையும் உறவினர்களையும் அணுகினார். மேங்கம் எழுதிய மறுமொழி மிகச் சுருக்கமானது: தான் ஒரு கருத்து அல்ல, மனிதன், தனித்து விடப்படவேண்டும் என்று வெளிப்படையாகவே விரும்பும் மனிதன். அம்மறுமொழியும் கட்டுரையோடு அச்சாயிற்று. தொன்மத்துக்கு மேலும் ஓர் ஆவணம் கிடைத்தது. 2008இல் ‘ஸ்லேட்’ அவரை இண்டி ராக்கின் சாலிஞ்சர் என்றது.

அதே 2003இல் பிட்ச்ஃபோர்க்கின் தொண்ணூறுகள் பட்டியலில் தொகுப்பு நான்காம் இடத்துக்கு வந்தது. 2005இல் ஐரோப்பாவில் மறுவெளியீடு கண்டபோது, 8.7 தந்த அதே தளம் பத்துக்குப் பத்து தந்தது. ஒலி மாறவில்லை, பதிவு எண்பதும் தொண்ணூறும் ஆண்ட பழைய நாடாவே. மாறியது, பாடகர் இல்லாத ஏழாண்டுகள் அதன்மேல் படிந்திருந்தமை. அவ்வாண்டே கிம் கூப்பர் இத்தொகுப்பைப் பற்றி நூல் எழுதினார். நண்பர்கள் பேசினார்கள், மேங்கம் பேசவில்லை. ஆர்க்கேட் ஃபயர் குழு மெர்ஜ் நிறுவனத்தைத் தேடிச் சென்றதற்கு இத்தொகுப்பும் ஒரு காரணம். இளைஞர்களிடையே பின்னர் இது கேலிப்பொருளும் ஆயிற்று. உறைப்படத்தின் மேளமுகம் படிந்த நகைச்சுவைகளைப் பட்டியலிட எனக்கு ஆர்வம் இல்லை.

ஆன் கிட்டிக்கு எழுதினாள். மேங்கம் அவ்விடத்தில் அமர்ந்து அவளுக்கு மறுமொழி பாடினார். பாடலில் ‘நீ’ என்று கேட்டவர்கள் தாங்களே அழைக்கப்பட்டதாக உணர்ந்து அவரைத் தேடிச் சென்றார்கள். இருக்கை கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு வேறுபாடுதான்: ஆன் விடையளிக்க உயிரோடு இல்லை. மேங்கம் உயிரோடு இருந்து, வேண்டாம் என்று எழுதியும் அனுப்பினார். இறந்தவளை விளித்த பாடல்களைக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு, உயிரோடிருப்பவரின் மறுப்பு மறுப்பாகக் கேட்கவில்லை.

2010இல் நியூயார்க்கில் ஒரு நிதிதிரட்டு நிகழ்ச்சியில் அவர் பாடினார். 2011 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டக்காரர்களுக்காக ஸக்காட்டி பூங்காவில் பாடினார். 2013 முதல் 2015 வரை குழுவே மீண்டும் சுற்றுப்பயணம் சென்றது; படம் எடுக்கவேண்டாம் என்று அரங்குகளில் கேட்டுக்கொண்டார்கள். முகத்தைப் பதியவேண்டாம், பாட்டைக் கேளுங்கள் என்பதாக அதை நான் புரிந்துகொள்கிறேன்.

தொகுப்பின் இறுதிப் பாடல் முடிந்தபின், கிதாரைக் கீழே வைத்து எழுந்து நடந்து செல்லும் ஓசை கேட்கிறது. அதை அவர் உலகுக்குச் சொன்ன விடை என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். பதிவான நாளில் மேங்கமுக்கு வயது இருபத்தாறு. தொகுப்பு இன்னும் வெளிவரவில்லை. அதற்காக நீண்ட சுற்றுப்பயணம் செல்ல வேண்டியிருந்தது. டென்வரின் அந்த வீட்டில் அது, பாடி முடித்த ஒருவர் எழுந்து போன ஓசை.